மூன்றாம் மாடியில் நார்வே

ஒரு மனிதனை வெளிநாட்டுக்கு அனுப்பியே தீருவது என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டால், அவன் உள்ளூரிலேயே இருப்பதை அது ஒரு தடையாக நினைப்பதில்லை. இரும்புலியூர் ஷாகுல் ஹமீது விஷயத்தில் நடந்தது இதுதான். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எல்லோரும் அவரவர் கடமையைத்தான் செய்தார்கள். கடமையைச் செய்கிறவர்களிடம் மாட்டுவதைவிடக் கெட்டவர்களிடம் மாட்டுவது மேல். கெட்டவனுக்காவது ஒரு கட்டத்தில் அலுத்துப்போகும்.

ஷாகுல் கிரேன் ஓட்டுகிறவன். தெருமுனையில் பள்ளம் தோண்டுகிற வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். கப்பலிலிருந்து கண்டெய்னர்களைத் தூக்கிக் கரையில் வைக்கும் ராட்சத கிரேன். வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் பன்னிரண்டு வருடம், வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருந்தான். கீழே நிற்கும் லாரியின் முதுகில் நாற்பது டன் பெட்டியை, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது மாதிரி இறக்கி வைப்பான். சொந்தப் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்த மட்டும் அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. மகள் அஃப்ஷான் குப்புற விழுந்தது, நடந்தது, பேசியது எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தான்.

பிறகு ஒருநாள் அந்தத் துறைமுகத்தில் கூண்டுகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கிரேனில் இனி ஆள் உட்கார வேண்டியதில்லையாம். ‘டெலிகை’ என்று ஒரு ஆப் வந்திருந்தது. உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் கிரேனையும் எந்த மூலையிலிருந்தும் ஓட்டலாம். துறைமுகம் அங்கேயே இருந்தது, கிரேன் அங்கேயே இருந்தது, ஓட்டுகிறவர்களை மட்டும் விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள்.

ஷாகுல் அழவில்லை. உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். டெலிகையில் பதிந்துகொண்டான். நார்வேயில் ஒரு துறைமுகம் கிடைத்தது. அதை ஓட்டுவதற்கான நாற்காலியும் கைப்பிடிகளும் திரைகளும் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தன. தாம்பரத்தில் லோக்கல் ட்ரெயின் ஏறினால் போய்விடலாம். ஷிஃப்ட் முடிந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். அவன் வாழ்க்கையில் கேட்டது அது ஒன்றைத்தான், வீட்டுக்கு வருவது.

வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் ஒரு தப்பு நடந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிப் பழகிய குடும்பத்தில்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும். மச்சான் ஹனீஃபா வழக்கம்போல வேன் சொல்லிவிட்டார். மாமனார் வழக்கம்போல துஆ ஓதினார். மாமியார் வழக்கம்போல எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தார். ‘ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவேன்’ என்று ஷாகுல் சொல்லச் சொல்ல, வேன் நிறைய ஜனம் தாம்பரம் ஸ்டேஷன்வரை வந்தது. ட்ரெயின் நகர்ந்தபோது மனைவி பஷீரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினாள். ஹனீஃபா அதைப் படம் எடுத்து, ‘மச்சான் நார்வே பயணம், அனைவரும் துஆ செய்யவும்’ என்று முகநூலில் போட்டார். இருநூறு பேர் ஆமீன் சொன்னார்கள். ஷாகுல் அன்று இரவே வீட்டுக்கு வந்து, ஊறுகாய்ப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோசை சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு வந்த சில வாரங்களை ஷாகுல் சாகும்வரை மறக்கமாட்டான். காலையில் அஃப்ஷானைப் பள்ளிக்கூடத்தில் விடுவான். அவள் அவன் விரலைப் பிடிக்காமல் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ஏன் என்று கேட்டால், ‘விரலை நீங்க எடுத்துக்கலாம், பையை எடுத்துக்க முடியாதில்ல?’ என்பாள். அவன் பட்டன்கள் எல்லாம் தளர்ந்துபோயின. அவ்வளவு நிம்மதியாக அவன் இருந்ததே கிடையாது.

அப்போதுதான் தாம்பரத்தில் உள்ள தொலைநிலைப் புலம்பெயர்வோர் நல வாரியம் அவனைக் கூப்பிட்டது.

துணை இயக்குநர் சத்யநாராயணன் மரியாதை தெரிந்த மனிதர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் தலைக்குமேல் வாரியத்தின் குறிக்கோள் பொன்னெழுத்தில் எழுதியிருந்தது: ‘போகாமல் போவோம், வராமல் வருவோம்.’

“மிஸ்டர் ஷாகுல், நீங்க எங்ககிட்ட கிளியரன்ஸ் வாங்காம நார்வே போயிருக்கீங்க.”

“நான் எங்க சார் போனேன்? டெய்லி வீட்டுக்கு வந்துட்டுதானே இருக்கேன்.”

சத்யநாராயணன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஹனீஃபா எடுத்த படம் திரை நிறைய இருந்தது.

“இந்தம்மா யாரு?”

“என் வொய்ஃப்.”

“அழுறாங்களா?”

“அழுறா சார்.”

“சிங்கப்பெருமாள் கோவில் போறவனுக்கு எந்தப் பொண்டாட்டிங்க அழுவா?”

“பழக்கம் சார். பன்னெண்டு வருஷமா நான் பையைத் தூக்கினாலே அழுவா.”

“கரெக்ட். பழக்கத்தைத்தான் நாங்க ஆதாரமா எடுத்துக்கறோம். பேப்பர்ல எவன் வேணா பொய் சொல்லலாம். இருநூறு பேர் ஆமீன் பொய்யா சொல்லுவான்?”

சத்யநாராயணன் இரக்கப்பட்டு விளக்கினார்.

“மனசு விட்டுச் சொல்றேன், கேளுங்க. முன்னெல்லாம் நம்மாளுங்க ஆயிரக்கணக்கில வெளிநாடு போவாங்க. இந்த ஆபீஸ் வாசல்ல க்யூ நிக்கும். இப்ப ஆப் வந்திருச்சு. உட்கார்ந்த இடத்துல ஜெர்மனிக்கு வேலை பாக்கறான், சாயந்திரம் மார்க்கெட்ல நின்னு வெண்டைக்காய் நுனியை ஒடிச்சுப் பாக்கறான். ரொம்ப சந்தோஷம். ஆனா ஒருத்தனுமே போகலைன்னா புலம்பெயர்வோருக்கு வாரியம் எதுக்கு? வாரியம் இல்லைன்னா அதுக்குத் துணை இயக்குநர் எதுக்கு? எனக்கு ரெண்டு பசங்க படிக்கறாங்க. அதனால வேலை எந்த நாட்டுல நடக்குதோ, ஆள் அந்த நாட்டுலதான் இருக்கான்னு ரூல் போட்டுட்டோம். உங்க கை நார்வேயில இருக்கு. கை ஒரு நாட்டுலயும் கால் ஒரு நாட்டுலயும் இருந்தா, காலையும் அங்க அனுப்பறதுதான் முறை.”

“அப்ப என்னை அங்கயே அனுப்புவீங்களா சார்?”

“அங்க சேத்துக்க மாட்டாங்களே. அங்க ஆள் தேவையில்லைன்னுதானே ஆப் வெச்சிருக்கான். நீங்க வேலை செய்ற எடத்தையே நார்வேயா அறிவிச்சிருக்கோம். அங்க தங்கிக்கணும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு.”

ஷாகுல் நாற்காலியின் நுனிக்கு வந்தான். “சார், நான் வீட்டுல இருக்கறதுக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன். போனதா எழுதினதை அழிச்சிடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“தாராளமா அழிக்கலாமே. நீங்க திரும்பி வந்துட்டதா எழுதினா போதும். அதுக்குப் பாஸ்போர்ட்ல இந்தியாவுக்குள்ள வந்த முத்திரை வேணும்.”

“போகாதவன் எப்படி சார் திரும்பி வர முடியும்?”

“அதைத்தான் நானும் உங்களைக் கேக்கறேன்,” என்றார் சத்யநாராயணன், மிகுந்த அன்போடு.

ஷாகுல் டெலிகையிடம் முறையிட்டான். டெலிகையில் மனிதர்கள் கிடையாது. மித்ரா என்ற ஒரு குரல்தான் உண்டு. ‘உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம். நாங்கள் உங்கள் முதலாளி அல்ல, வெறும் பாலம். வாரியத்தின் முத்திரை இல்லாத கணக்குகள் நிரந்தரமாக மூடப்படும். இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ என்றது அந்தக் குரல். கணக்கு மூடப்பட்டால் நார்வே மட்டும் போகாது. பழைய வளைகுடாத் துறைமுகமும் இப்போது டெலிகையில்தான். உலகத்துக் கிரேன்கள் எல்லாமே அதற்குள் போய்விட்டன. கிரேனைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது. ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு வந்தான்.

நார்வே போகுமுன் கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுத்த ஜெபின் என்பவர் திருவனந்தபுரத்தைத் தாண்டி வேறு ஊர் பார்த்ததில்லை, ஆனால் நல்ல உற்சாகி. பனியில் நடக்கப் பழகுவதற்காக டைல்ஸ் தரையில் சோப்புத் தண்ணீரை ஊற்றி எல்லோரையும் நடக்கவிட்டார். சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு நாற்பது பேர் பந்தி நடக்கும் ஹாலில் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். ஒருவருக்கு மணிக்கட்டு உடைந்தது. ‘வெளிநாட்டுல இப்படித்தான் ஆகும்னு சொல்றதுக்குத்தான் இந்த ட்ரெயினிங்கே,’ என்று ஜெபின் சொல்லி, அவரை முதலில் தேறியவராக அறிவித்தார். பிறகு அயல்நாட்டாரிடம் பணிவாக நடப்பது எப்படி என்று பாடம் எடுத்தார். அயல்நாட்டார் யாரும் வரமாட்டார்கள் என்பதால் ஆளுக்கு ஆள் குனிந்து பழகிக்கொண்டார்கள்.

கண்ணாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி நார்வே, இரண்டாம் மாடி ஜெர்மனி, முதல் மாடி கனடா. தரைத்தளத்தில் கேண்டீனும் இந்தியாவும் இருந்தன. கனடாவில் இருந்த நிகில் என்ற பையன் உப்புக் கேட்டு ஒருநாள் நார்வேக்கு ஏறி வந்து, எல்லை மீறியதற்காக ஒரு வாரம் லிஃப்ட்டுக்குள் விசாரிக்கப்பட்டான். நார்வேயில் ஏ.சி. எப்போதும் பற்கள் தந்தியடிக்கிற அளவில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் சிங்கப்பெருமாள் கோவில் குன்று தெரியும் என்பதால், கண்ணாடி முழுக்கப் பனிமலைப் படம் ஒட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் படம் உரிந்து, அந்த வழியாக ஒரு பஞ்சர் கடை தெரிந்தது. நார்வேக்காரர்கள் முறைவைத்து அதைப் பார்த்தார்கள்.

எல்லையைக் காத்தவர் வாட்ச்மேன் குமரேசன். பஷீரா ஒருநாள் பிரியாணி செய்து, ஷேர் ஆட்டோவும் ட்ரெயினுமாக மாறி மாறிக் கொண்டுவந்து கேட்டில் கொடுத்தாள். அயல்நாட்டு உணவு உள்ளே வரக்கூடாது, பறிமுதல் செய்து அழித்துவிட வேண்டும் என்பது விதி. குமரேசன் விதிப்படி பறிமுதல் செய்தார். சாயந்திரம் மாடிக்கு வந்து ஷாகுலிடம் காலி டப்பாவைக் கொடுத்தார்.

“அழிச்சிட்டேன் பாய். சொம்மா சொல்லக்கூடாது, நல்லா கீது. வூட்ல சொல்லிடு.”

“என் வீட்டம்மாவை உள்ள விட்டிருக்கலாமே அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம்.”

“விசா கீதான்னு கேட்டேன். ஆதார்தான் கீதுன்னாங்க. நான் இன்னா பண்றது சொல்லு. எனக்கும் பொட்டப் புள்ளைங்க கீது. வவுத்தெரிச்சலாத்தான் கீது.”

ஷாகுல் டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, கழுவி வைத்தான்.

தினமும் ஷிஃப்ட்டுக்கு முன்னால் வீட்டோடு வீடியோவில் பேசலாம். பனிமலைக்கு முன்னால் கோட்டுப் போட்டு உட்கார வேண்டும். ‘அங்க மழை பெய்யுதா அத்தா?’ என்று அஃப்ஷான் கேட்டால், ‘பனி பெய்யுதும்மா’ என்று சொல்ல வேண்டும். வெளியே கொட்டுகிற மழையில் பஞ்சர் கடைக்காரன் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பான். பேசிக்கொண்டிருக்கும்போதே தாம்பரம் போகிற ட்ரெயின் கட்டடத்தை ஒட்டிக் கூவிக்கொண்டு போகும். கொஞ்ச நேரம் கழித்து அதே ட்ரெயின் போனுக்குள் கூவும், அவன் வீட்டுக்குப் பின்னால் தண்டவாளத்தில். ஜனங்கள் சாதாரணமாக ஏறி, கடலை தின்றுகொண்டு, கதவோரம் நின்று, தன் வீட்டைத் தாண்டிப் போகிறார்களே என்று ஷாகுல் நினைத்துக்கொள்வான்.

“முன்னாடி கடல் தாண்டி இருந்தீங்க, நம்ம தலையெழுத்துன்னு இருந்தேன்,” என்றாள் பஷீரா ஒருநாள். “இப்ப ஒரு லோக்கல் டிக்கெட் தூரத்துல இருக்கீங்க. இதை யார்கிட்ட போய்ச் சொல்லி அழுறது? சொன்னா சிரிக்கிறாங்க. ரேஷன் கடையில உங்க பேரை எடுத்துட்டான். ஏன்டா எடுத்தேன்னு கேட்டா, அவர்தான் நார்வேயில இருக்காரேன்னு வாழ்த்துச் சொல்றான்.”

“விட்டுட்டு வந்துடட்டுமா?”

“வந்து?” என்றாள் அவள்.

வருடம் ஒன்று போயிற்று. தொலைநிலைப் புலம்பெயர்ந்தோர் தினம் வந்தது. தாம்பரத்தில் விழா. புலம்பெயர்ந்தோரைக் கௌரவிக்கும் விழா என்பதால் அவர்கள் யாரும் வரக்கூடாது, திரையில்தான் கலந்துகொள்ள வேண்டும். சத்யநாராயணன் பட்டுச் சட்டையில் வந்து உரையாற்றினார்.

“அன்பர்களே! ஒரு காலத்தில் நம் பிள்ளைகள் வெளிநாடு போனார்கள், வீடுகள் அழுதன. இன்று நம் பிள்ளைகள் எங்குமே போவதில்லை. ஆனாலும் வீடுகள் அழுகின்றன. ஆக, பிரிவின் தரத்தில் ஒரு குறையும் வராமல், விமானச் செலவை மட்டும் அடியோடு நீக்கியிருக்கிறோம். இந்தச் சாதனையை உலகில் வேறெந்த வாரியமும் செய்ததில்லை.”

கைதட்டல் எழுந்தது. அவர் கையமர்த்தினார்.

“முன்பெல்லாம் அயல்நாட்டு முதலாளிகள் நம் தொழிலாளர்களைப் பூட்டி வைக்கிறார்கள் என்று புகார் வரும். கடந்த ஆண்டு அப்படி ஒரு புகார்கூட இல்லை. ஏனென்றால் இப்போது அவர்களை நாமே பூட்டி வைக்கிறோம். நம்மிடம் புகார் பெறும் பிரிவும் நாமேதான் என்பதால் எல்லாம் சுமுகமாக நடக்கிறது. அறிவியல் வளர்ந்தால் மனிதன் சுதந்திரமடைவான் என்று பயந்தவர்கள் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை என்று நிரூபித்திருக்கிறோம்.”

அந்த ஆண்டின் சிறந்த புலம்பெயர்ந்தவராக ஷாகுல் ஹமீது தேர்ந்தெடுக்கப்பட்டான். ஒரு பெட்டியைக்கூட அவன் இடிக்கவில்லை, ஒருமுறைகூட மாடியை விட்டு இறங்கவில்லை. என்ன பரிசு வேண்டும் என்று மேடையிலிருந்தே சத்யநாராயணன் கேட்டார். ஷாகுல் கோட்டோடு எழுந்து நின்றான்.

“வேற ஒண்ணும் வேணாம் சார். லீவுல வீட்டுக்குப் போகணும்.”

“ரெண்டு வருஷம் ஆகலையே,” என்று சத்யநாராயணன் யோசித்தார். பெரிய மனதோடு தலையாட்டினார். “பரவாயில்லை. ஸ்பெஷலா சேங்ஷன் பண்றேன். ஒரு மாசம் ஃபேமிலியோட இருங்க.”

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பஷீரா வீட்டைக் கழுவினாள், கதவுக்கு வர்ணம் அடித்தாள், மீன்காரியிடம் வஞ்சிரம் சொல்லி வைத்தாள். அஃப்ஷான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ஷாகுல் பெட்டி கட்டிக்கொண்டு லிஃப்ட் வாசலில் வந்து நின்றான். பயிற்சி கொடுத்த ஜெபின் வந்து அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தார்.

“நீங்க எதுக்குங்க கிளம்பி நிக்கறீங்க? வேலை ஆன்லைன்ல செய்றவங்களுக்கு லீவும் ஆன்லைன்லதான். உங்க வீட்டுக்கு வண்டி போயாச்சு.”

வண்டி என்பது நாலு சக்கரத்தின்மேல் ஒரு கம்பி, கம்பியின் தலையில் ஒரு திரை, திரைக்குமேல் ஒரு கேமரா. இரும்புலியூர் வீட்டுக் கூடத்தில் இரண்டு பேர் அதைக் கொண்டுவந்து நிறுத்தி, மாலை போட்டு, பஷீராவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் மாடியில் ஷாகுல் தன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக் கூடத்தில் நடமாடலாம். விதிகளும் இருந்தன. கேமரா எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். விடுப்பில் இருக்கிறவர் உடலோடு இந்தியாவில் தென்பட்டால் கணக்கு ஆயுளுக்கும் மூடப்படும்.

பஷீரா முதல் நாள் முழுவதும் வண்டிப் பக்கமே வரவில்லை. சமையலறையில் வஞ்சிரம் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. அஃப்ஷான்தான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். சட்டைப் பை இல்லாததால் சக்கரத்துக்குமேல் இருந்த ஒயரைப் பிடித்துக்கொண்டாள். ஷாகுலும் நாற்பது டன் பெட்டியை நகர்த்துகிற கவனத்தோடு, அவள் கால் பெருவிரல் நசுங்காமல், கூடத்துக்கும் வாசலுக்கும் போய்ப் போய் வந்தான். ஒரே குறை, வண்டியால் நிலைப்படி தாண்ட முடியாது. அறைக்குள் போக முடியாது, கொல்லைக்குப் போக முடியாது. பழகிக்கொண்டார்கள். மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள் என்பதுதான் வாரியங்களின் முதலீடு.

நான்கைந்து நாளில் பஷீராவும் பழகிவிட்டாள். ஒருநாள் மத்தியானம் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது வண்டியைப் பார்த்துச் சொன்னாள்.

“பாப்பாவைப் பாத்துக்கங்க. பத்து நிமிஷத்துல வந்துடறேன்.”

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரும் இதுவரை அவனிடம் சொன்னதில்லை. ஷாகுல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அஃப்ஷான் கூடத்தில் சின்ன முக்காலி போட்டு ஏறி, வண்டியின் உயரத்துக்குத் தன்னை அளந்தாள். பிறகு பொம்மையை எடுக்கக் கொல்லைப் பக்கம் ஓடினாள். ஓடிய வேகத்தில் நிலைப்படி தடுக்கி, துணி துவைக்கிற கல்லின்மேல் போய் விழுந்தாள்.

ஷாகுல் கைப்பிடியை முன்னால் தள்ளினான். வண்டி நிலைப்படியில் முட்டி நின்றது. பின்னால் இழுத்து மறுபடி முட்டினான். மறுபடியும். கதவிடுக்கில் அவளுடைய காலும், கல்லில் இறங்குகிற ரத்தமும் மட்டும் தெரிந்தன. ‘அத்தா’ என்று கத்தினாள். ‘யாராவது வாங்களேன், பக்கத்து வீட்டுல யாராவது!’ என்று அவன் கத்தினான். ஸ்பீக்கர் அவன் குரலை, வீட்டில் இருப்பவர்களுக்குத் தொந்தரவில்லாத அளவுக்குக் குறைத்து அனுப்பியது. கப்பலையே காலிசெய்கிற கை அவனுடையது. அந்த வண்டிக்குக் கையே இல்லை.

அவன் எழுந்து ஓடினான். ஜெர்மனி, கனடா எல்லாவற்றையும் படிக்கட்டு வழியாகத் தாண்டினான். கேட்டில் குமரேசன் எழுந்து குறுக்கே வந்தார்.

“இன்னா பாய், எங்க ஓடிக்கினு கீறே? பேப்பர் கீதா?”

“என் பொண்ணு விழுந்துட்டாண்ணா. வீட்டுல யாருமில்ல.”

குமரேசன் அவன் முகத்தைப் பார்த்தார். கேட்டைத் திறந்துவிட்டு, கொடியைப் பார்க்கிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டு நின்றார். “நான் யாரையும் பாக்கல. ஓடு, ஓடு.”

ட்ரெயின் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்றது. கம்பளிக் கோட்டோடு வேர்த்து விறுவிறுத்து நிற்கிறவனுக்கு ஒரு அம்மாள் இடம் விட்டாள். அவனால் உட்கார முடியவில்லை. தாம்பரத்தில் குதித்து ஆட்டோ பிடித்து, வர்ணம் அடித்த தன் வீட்டுக் கதவுக்கு முன்னால் வந்து நின்றபோது, மூச்சு அவனுக்கு முன்னாலேயே உள்ளே போய்விட்டது.

பஷீரா அதற்குள் வந்திருந்தாள். முழங்காலிலும் நெற்றியிலும் கட்டுப்போட்டு அஃப்ஷானைக் கூடத்தில் உட்கார வைத்திருந்தாள். கதவிடுக்கில் அவனைப் பார்த்ததும் பஷீராவின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி அவள் கண் வண்டியின்மேல் போயிற்று. கேமராவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

அஃப்ஷான் நொண்டிக்கொண்டு எழுந்து வந்தாள். வண்டிக்கு முதுகைக் காட்டாமல் சுவரோரமாகவே வந்து, கதவை அவன் முகம் தெரிகிற அளவுக்கு மட்டும் விட்டுச் சாத்தினாள்.

“உள்ள வராதீங்க அத்தா. அது பாத்துடும்.”

“வலிக்குதாம்மா?”

“இல்ல.” அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் கையை உள்ளே நீட்டினான். அவள் ஒரு அடி பின்னால் போய்விட்டாள். “கையை எடுத்துக்கங்க. உங்களுக்கு வேலை போயிடும். அம்மா சொல்லியிருக்காங்க. போங்க அத்தா, சீக்கிரம் போங்க. நீங்க போனாதானே வருவீங்க.”

ஷாகுல் கையை எடுத்துக்கொண்டான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாளைப் போடுவதற்கு அவள் எக்குகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்த ட்ரெயினில் நிறைய இடம் இருந்தது. குமரேசன் ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்தார். கனடாவையும் ஜெர்மனியையும் ஏறிக் கடந்து, மூன்றாம் மாடியில் தன் நாற்காலியில் உட்கார்ந்து கோட்டைச் சரிசெய்துகொண்டான். திரையில் ஒரு செய்தி காத்திருந்தது. ‘அன்புள்ள ஷாகுல், விடுப்பில் இருக்கும்போது இன்று நெடுநேரம் நீங்கள் வீட்டில் இல்லை. இது உங்கள் மதிப்பெண்ணைப் பாதிக்கும். குடும்பம் முக்கியம். அவர்களோடு நேரம் செலவிடுங்கள்.’ கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. அதை அழுத்தினான்.

கூடம் தெரிந்தது. வண்டிக்கு முன்னாலேயே அஃப்ஷான் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, அத்தா வந்துட்டாங்க!” என்று கூவினாள். கூவிய கையோடு, இவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த அழுகை பீறிட்டது. கம்பியைக் கட்டிக்கொண்டு, எங்கே ஓடினாள், எதில் தடுக்கினாள், எவ்வளவு ரத்தம் வந்தது, எப்படி வலித்தது என்று ஆரம்பத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். கட்டுகளை ஒவ்வொன்றாகக் கேமராவிடம் காட்டினாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பச்சை விளக்கை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, அதற்கும் கேட்கிற மாதிரி உரக்கக் கேட்டாள்.

“இவ்ளோ நேரம் எங்க அத்தா போயிருந்தீங்க?”

“எங்கயும் போகலம்மா,” என்றான் ஷாகுல். “இங்கதான் இருந்தேன்.”